ஆளில்லா இரவு

ரேணுகாவின் இடது கைச் சுட்டுவிரலில் ஊசி இறங்கியது மாசி மாதத்தின் முதல் வாரத்தில். காலை ஏழரை மணி. வேலூருக்கு வெளியே இருந்த ஒரு ஷூ கம்பெனியில், தோல் தைக்கும் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவள் அவள். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் மூளை ஒரு கணம் எங்கோ போய்விட்டு வந்தது. வந்தபோது மெஷின் நின்றிருந்தது. நகத்தைத் துளைத்த ஊசி உள்ளேயே முறிந்து கிடந்தது. வலி அதற்கப்புறம்தான் தெரிந்தது.

கம்பெனி நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டாள். "நைட்டு தூங்கினீங்களாக்கா?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"எத்தினி நாளா இப்படி?"

"ஆறு வருஷமா."

நர்ஸ் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள்.

வேடிக்கை இல்லை. இரவிலும் முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே இறங்காத கோடைகள் வரத் தொடங்கி அத்தனை வருடம் ஆகியிருந்தது. கரிகிரி நகர் சி பிளாக்கில் நாற்பது வீடுகள், நாற்பதிலும் ஏசி. ஒவ்வொரு ஏசியும் தன் வீட்டுச் சூட்டை வெளியே தள்ள, அது பக்கத்து வீட்டுச் சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரவு ஒரு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கி ஏசிகள் ஒவ்வொன்றாக அடங்கும். அதன் பிறகு வீடு என்பது மூடி போட்ட பாத்திரம்தான். புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருடமாகத் தனியாக இருக்கும் ரேணுகா, மூன்றாம் மாடியில் அந்தப் பாத்திரத்துக்குள் புரண்டுகொண்டு கிடப்பாள்.

துணைக்கு ஒரு சத்தம் மட்டும் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வஹாப் பாயின் ஆக்சிஜன் மெஷின். புஸ்ஸென்று இழுத்து டக்கென்று விடும். முப்பது வருடம் டேனரியில், தோல் பதனிடும் ரசாயனத் தொட்டிகளுக்கு நடுவே நின்ற மனிதர். நுரையீரல் பாதிதான் மிச்சம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பகலில் ஒப்பேற்றிவிடுவார். படுத்தால் மெஷின் வேண்டும். காலையில் நடைவழியில் பார்க்கும்போது, "ரேணும்மா, மூணு மணிக்கு உன் வீட்டுல டம்ளர் விழுந்துச்சே. இன்னைக்கும் தூங்கலியா?" என்பார். "நீங்க தூங்கினா எப்படி பாய் கேட்டிருக்கும்?" என்பாள் அவள். அந்த மாடியில் விழித்துக் கிடக்கும் இரண்டு பேருக்கு அது ஒரு பழக்கம்.

விரலில் கட்டோடு அவள் வீடு திரும்பிய அதே வாரத்தில்தான் 'வெட்டவெளி' என்ற கம்பெனியின் திட்டம் வந்தது.

கொண்டுவந்தவர் பிளாக் செயலாளர் துளசிராமன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படி சொல்வார். மொட்டைமாடி முழுக்க கம்பெனியே விரிப்புகள் போட்டுத் தரும். விரிப்புக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்கள். மேலே கொசுவலைக் கூடாரம், ஓரத்தில் காற்று ஊதும் சின்ன விசிறிகள். பெண்களுக்கு ஒரு பக்கம் துணித் தடுப்பு. மனிதன் நான்கு சுவருக்குள் தூங்கப் பிறந்தவன் இல்லை, திறந்த வெளியில் தூங்கினால் ரத்த அழுத்தம் இறங்கும், சர்க்கரை அடங்கும், மனசு லேசாகும் என்று அச்சடித்த தாள்கள் வீடு வீடாக வந்தன. கட்டணம் எதுவும் கிடையாது, ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

"சும்மா எவன் தருவான்?" என்று ரேணுகா முதல் ஆளாகக் கேட்டாள்.

"நாட்டுல நல்லவனே கிடையாதா ரேணுகா? எல்லாத்துலயும் சந்தேகமா?" என்றார் துளசிராமன்.

சந்தேகத்தோடுதான் மேலே போனாள். முதல் மூன்று இரவும் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு படுத்தாள். நான்காம் நாள் காலையில் துணி எங்கோ கிடந்தது. ஒன்பதரைக்குப் படுத்தவள் விடியற்காலை ஐந்தே காலுக்குக் கண் விழித்திருந்தாள். நடுவில் எதுவும் இல்லை. எழுந்து உட்கார்ந்து, கோட்டைப் பக்கமிருந்து வந்த காற்றில் அப்படியே அழுதாள். பக்கத்து விரிப்பிலிருந்தவள் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "பசிக்குது" என்றாள். அதுவும் உண்மைதான். விடிந்ததும் பசி எடுப்பது என்ன என்றே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு மாதத்தில் அவளுடைய கன்னம் தெளிந்தது. தையலில் பிசிறு வருவது நின்றது. துளசிராமனுக்கு மாத்திரை பாதியாகக் குறைந்தது. மாடிக் கதவுக்கு மேலே கம்பெனி ஒரு பலகை மாட்டியிருந்தது. ஒவ்வொரு காலையும் அதில் சிவப்பு எழுத்தில் ஓர் எண் வரும்: நேற்று வெளியே தூங்கிய வீடுகள், நாற்பதுக்கு முப்பத்தெட்டு. கீழே தங்கிய இரண்டு வீடுகளில் ஒன்று தரைத்தளத்தில் பச்சைக் குழந்தை இருந்த வீடு. இன்னொன்று வஹாப் பாயுடையது. தூசியும் பனியும் அவருக்கு ஆகாது, மெஷினையும் மேலே தூக்க முடியாது.

"நீ தூங்கும்மா," என்றார் பாய். "ரெண்டு பேர்ல ஒருத்தராவது தூங்கட்டும்."

ஆனால் ஒன்று அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. மாடியில் நூறு பேருக்கு மேல் படுக்கிறார்கள். கிழவன், குமரி, குழந்தை எல்லாரும். அத்தனை பேரும் ஐந்தே காலுக்கு ஒன்றாகக் கண் விழிக்கிறார்கள். அது எப்படி? விரிப்பைத் தடவிப் பார்ப்பாள். தண்ணீரில் எதையாவது கலக்கிறார்களோ என்று குழாய் முனையை முகர்ந்து பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. இரவானதும் உடம்பு அந்த விரிப்பைத் தேடி ஓடும். தனக்கு வேண்டியதைத் தருகிறவன் மேல்தான் அதிகம் சந்தேகம் வரவேண்டும் என்று நினைத்தபடியே தூங்கிப்போவாள்.

அவளைவிட அதிகம் உறுத்தியது அவள் தம்பி தணிகாசலத்துக்கு. அதே பிளாக்கில் முதல் மாடியில் இருந்தான். ஏசி மெக்கானிக். வெட்டவெளி வந்த பிறகு கரிகிரி நகரில் ஒரு வீட்டிலும் ஏசி ஓடவில்லை, அவனுக்கு வேலையும் இல்லை. அதனால் அவன் எதைச் சொன்னாலும் யாரும் காதில் வாங்கவில்லை. ரேணுகாவும்தான்.

தொண்ணூற்று மூன்றாம் நாள் மதியம், ஷிப்ட் முடிந்து வரும் வழியில் தம்பி வீட்டுக்குப் போனாள். கத்திரி வெயில். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. கூடத்தின் நடுவே மாடி விரிப்பு ஒன்று வயிறு கிழிந்து கிடந்தது. குழாய்கள் குடல் மாதிரி வெளியே. பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு தணிகாசலம்.

"இன்னாடா பண்ற?" என்றாள். "பொழப்பு போச்சுன்னு அடுத்தவங்க தூக்கத்தைக் கெடுக்கப் போறியா?"

"இது என் வீட்டு விரிப்புக்கா. உக்காரு."

"யாராவது பாத்தா இன்னா ஆவும்?"

"உக்காருன்னு சொல்றேன்ல."

உட்கார்ந்தாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். தண்ணீர்க் குழாய். சின்ன பம்ப். சாதாரணத் தண்ணீர். காலையில் பம்ப் நிற்கும், விரிப்பு சூடாகும், அதனால்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுகிறார்கள். மருந்து கிடையாது, மாயம் கிடையாது.

"தூங்க வைக்க இதுக்குள்ள ஒன்னுமே இல்லக்கா. நீ தூங்கினது நிஜத் தூக்கம். குளிர்ச்சி, காத்து, ஆகாசம், அவ்ளோதான்." பிறகு தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைத் தரையில் வைத்தான். "இது மட்டும்தான் எனக்குப் புரியல. எடை பாக்குது. மேல ஆள் படுத்திருக்கா, எந்த வீட்டு ஆள், எத்தினி மணி நேரம்னு எங்கியோ சொல்லுது. வீட்டுக்கு எத்தினி விரிப்போ அத்தினியிலயும் எடை விழுந்தாதான் பலகைல அந்த வீடு ஏறுது. நாம தூங்கினமா இல்லையான்னு இதுக்குக் கவலை இல்ல. வீட்டுல ஆள் இல்லைன்னு மட்டும் இதுக்குத் தெரியணும்."

"திருடனுங்களா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். காலைல சப்ஸ்டேஷன்ல இருக்கற நம்ம லைன்மேனைக் கேட்டேன். நம்ம பிளாக் பேருக்கு நேரா அவன் திரைல ஒரு வரி வருதாம். 'ஆளில்லா இரவு: தொண்ணூத்தி ரெண்டு'ன்னு."

மின்சாரம் பற்றி இரண்டு வருடம் முன்பு வந்த புது விதியை அவன் விளக்கினான். ஒரு கட்டடத்தில் பத்தில் ஒன்பது வீடுகள் தொடர்ந்து நூறு இரவு காலியாக இருந்தால், அது இரவில் யாரும் குடியிருக்காத கட்டடம். அதற்கு இரவில் முழு மின்சாரம் தரத் தேவையில்லை. வீட்டுக்கு ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் ஓடும் அளவு போதும். மிச்சத்தை யார் கேட்கிறார்களோ அவர்களுக்குத் திருப்பிவிடலாம். காட்பாடிக்கு அந்தப் பக்கம், ஜன்னலே இல்லாத நாலு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியிருந்தது. உள்ளே கம்ப்யூட்டர்கள், இரவு பகலாக ஓடுபவை. வெட்டவெளி, அதைக் கட்டிய கம்பெனி பெற்ற பிள்ளை.

ரேணுகா கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன்னை ஏதோ செய்கிறார்கள் என்று மூன்று மாதமாகச் சந்தேகப்பட்டாள். அவர்களுக்குத் தான் தேவையே இல்லை, தான் வீட்டில் இல்லாதது மட்டும்தான் தேவை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஒரு ஃபேன், ஒரு லைட்டுன்னா," என்றாள் மெதுவாக, "பாயோட மெஷின்?"

"ஓடாதுக்கா. போட்ட நிமிஷமே கட் ஆயிடும்."

இரண்டு நாள் கழித்து, வாராவாரம் வரும் கம்பெனி அதிகாரி நிவேதிதா விரிப்புகளைப் பார்வையிட வந்தபோது ரேணுகா மாடியில் காத்திருந்தாள். முப்பது வயதுப் பெண், எல்லாரையும் பெயர் சொல்லி விசாரிப்பவள். ரேணுகாவின் விரல் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் கேட்பாள்.

"ஆளில்லா இரவுன்னா இன்னாம்மா?" என்று கேட்டாள் ரேணுகா.

நிவேதிதா மழுப்பவில்லை. அதுதான் ரேணுகாவுக்கு அதிகம் பயமாக இருந்தது.

"நாங்க மறைக்கலக்கா. நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல பதினொன்னாம் பக்கத்துல இருக்கு."

"பதினொன்னாம் பக்கம் வரைக்கும் யார் படிப்பாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்க," என்று ஒப்புக்கொண்டாள் அவள். "ஆனா ஒன்னு சொல்லுங்க. நீங்க தூங்கினீங்களா இல்லையா? ராத்திரி உங்களுக்கு ஏசியே வேணாம். வேணாங்கற கரண்ட்டை வேற இடத்துக்குக் கொண்டுபோறோம். அந்தக் கட்டடத்துல ஓடுற மெஷின்ல பாதி, புது மருந்து கண்டுபிடிக்கறதுக்கு ஓடுது. இதுல யாருக்கு நஷ்டம்?"

"எங்க மாடியில ஒருத்தரு இருக்கார். ஆக்சிஜன் மெஷின்ல தூங்கறவரு."

நிவேதிதாவின் முகம் ஒரு கணம் மாறியது. "அப்படிப்பட்டவங்களுக்குத் தனி லைன் தர விதி இருக்கு. மனு போடச் சொல்லுங்க."

"போட்டா எப்போ கிடைக்கும்?"

"அறுபது நாள்."

"அதுவரைக்கும் மூச்சை?"

நிவேதிதா குனிந்து ஒரு விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்தாள். கீழே தெருவில் யாரோ குடத்தை உருட்டினார்கள்.

"நூறாவது நாளுக்கு முன்னாடி கணக்கு உடைஞ்சா?" என்றாள் ரேணுகா.

"திரும்ப ஒன்னுலேருந்து ஆரம்பிக்கணும். ஆனா கம்பெனி ஆரம்பிக்காது. நூறு நாள் நிக்காத இடத்துல விரிப்பை வெக்கறதில்ல. எடுத்துட்டுப் போயிடுவோம்." குரலைத் தணித்துக்கொண்டாள். "அப்படிப் பண்ணாதீங்கக்கா. நீங்க எப்படி இருந்தீங்கன்னு நான் பாத்திருக்கேன்."

"நீ எங்கம்மா தூங்குவ?"

"வீட்லதான்."

"வெளியில இல்ல?"

நிவேதிதா கையிலிருந்த கருவியில் எதையோ தேடினாள். "எங்க ஏரியாவுல இன்னும் ஆரம்பிக்கல," என்றாள்.

அடுத்த நாள் சாயங்காலம் தணிகாசலம் பிளாக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னான். தரைத்தள வண்டி நிறுத்தத்தில் எல்லாரும் நின்றுகொண்டே பேசினார்கள். அவன் கறுப்புப் பெட்டியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னான். முப்பத்தெட்டு வீடுகளில் மூன்று வீடுகள் ஒரே ஓர் இரவு உள்ளே படுத்தால் போதும், கணக்கு உடையும். மூன்று நாளாகத் தான் கீழேதான் படுப்பதாகவும், பலகையில் முப்பத்தேழு என்று வருவது அதனால்தான் என்றும் சொன்னான். இன்னும் இரண்டு வீடுகள் வேண்டும்.

"அப்ப அது நீதானா," என்றார் துளசிராமன். "ஏசி ஓடணும், உன் பொழப்பு ஓடணும். அதுக்கு பாயைத் தூக்கி முன்னால வெக்கற."

"சார், பெட்டியைப் பாருங்க."

"பெட்டி எண்ணிட்டுப் போவட்டும். எனக்கு இருநூத்தி இருவது இருந்த பிரஷர் நூத்தி நாப்பது. நாலாம் மாடி லலிதாவுக்குப் பத்து வருஷத் தலைவலி போச்சு. ஒருத்தருக்காக நாப்பது வீடும் வேகணுமா? மனு போடலாம். நானே எழுதித் தரேன். அந்த அறுபது நாளைக்கு சிலிண்டர் வெச்சு சமாளிக்கலாம்."

பலர் தலையாட்டினார்கள். ரேணுகா கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் நல்ல நிறமாக, நன்றாகத் தூங்கிய முகமாக இருந்தார்கள். அதுவே அவளுக்கு அன்று சகிக்கவில்லை. தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்ற நினைப்பு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்னால், மாடிப்படியின் கடைசிப் படியில், வஹாப் பாய் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போது இறங்கி வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

"செயலாளர் சொல்றது சரி," என்றார், இரண்டு மூச்சுக்கு ஒரு வார்த்தையாக. "எனக்காக யாரும் எறங்க வேணாம். நான் பாத்துக்கறேன்." பிறகு மனைவி ஹலிமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போனார். அவர் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேரும் வரை கீழே எல்லாரும் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

"அக்கா, நீ?" என்றான் தணிகாசலம்.

"மூணாவது வீடு ஒன்னு கிடைக்கட்டும். நானும் வரேன். நான் ஒருத்தி எறங்கினா மட்டும் போதாதே."

சொன்னது கணக்குப்படி சரிதான். ஆனால் அது கணக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். தொண்ணூற்றேழாம் இரவும் மேலே படுத்தாள். தொண்ணூற்றெட்டும். இன்னும் நாள் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டாள். மூன்றாவது வீட்டை அவள் தேடவும் இல்லை. படுத்ததும் தூக்கம் வந்தது, வெட்கமே இல்லாமல் வந்தது. தொண்ணூற்றொன்பதாம் காலையில் ஐந்தே காலுக்கு எழுந்தபோது, இப்படி ஒரு தூக்கத்தைத் தனக்குக் கொடுத்தவன், தன்னால் இதை விடமுடியாது என்பதையும் சேர்த்துத்தான் எண்ணி வைத்திருப்பான் என்று தோன்றியது. அன்று இரவும் மேலேதான் போனாள்.

நூறாம் நாள் மத்தியானம் ஷிப்ட் முடித்து மூன்றாம் மாடிக்கு ஏறினாள். பூட்டைத் திறக்கும்போது ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பாய் வீட்டில் சத்தம் இல்லை. மதியத்தில் ஒரு மணி நேரம் மெஷின் போட்டுப் படுப்பது அவர் வழக்கம். சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போய்த் தட்டினாள்.

ஹலிமா அக்கா கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றாள். முகம் அழுது வீங்கியிருந்தது. உள்ளே வஹாப் பாய் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். மெஷின் பக்கத்திலேயே இருந்தது, சுவிட்ச் போடாமல். கையில் ஒரு அலாரம் கடிகாரத்தைப் பிடித்து முகத்துக்கு நேரே வைத்திருந்தார். உதடு ஊதாவாகியிருந்தது.

"பாய், என்ன பண்றீங்க?"

ஒரு விரலை உயர்த்தி, பொறு என்றார். நெஞ்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கை தானாகவே சரிந்தது. ஹலிமா ஓடிப்போய் சுவிட்சைப் போட்டாள். புஸ்ஸென்று இழுத்தது. அவர் பேச ஐந்து நிமிடம் ஆயிற்று.

"பதினோரு நிமிஷம். நேத்து ஒம்போது." சிரிக்க முயன்றார். "சிலிண்டர் ஒன்னு நாலு மணி நேரம்தான் வருதாம். நடுவுல மாத்தறப்போ ஹலிமா அசந்து தூங்கிட்டா? அதான் பழகிப் பாக்கறேன்மா. நாளைலேருந்து வேணுமே."

ரேணுகா தன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். சாத்தியதும் சூடு முகத்தில் அறைந்தது. மூன்று மாதமாக இரவில் திறக்காத படுக்கையறை. பெட்ஷீட்டில் தூசி. அதை உதறி விரித்தாள். தம்பிக்குப் போன் செய்து, "நான் உள்ளதான்" என்று மட்டும் சொன்னாள்.

"மூணாவது?"

"இல்ல. இருந்தாலும் நான் உள்ளதான்."

அன்று இரவு ஒன்பது மணிக்கு எல்லாரும் தலையணையோடு மேலே ஏறும் காலடிகளை அவள் படுத்தபடியே கேட்டாள். ஒரு காலடி அவள் கதவருகே நின்றது போலிருந்தது. பிறகு அதுவும் ஏறிப்போனது. ஏசியைப் போட்டாள். இத்தனை நாள் தூங்கிக் கிடந்த ஏசி முக்கி முனகி, ஒரு மணி நேரத்தில் அடங்கியது. ஃபேன் சுடுகாற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒரு கண்ணும் மூடவில்லை. இரண்டு வீடு இறங்கினால் முப்பத்தாறு. முப்பத்தாறு என்றால் சரியாகப் பத்தில் ஒன்பது. கம்பெனிக்கு அதுவே போதும். நாளைக்கு இதே நேரம் அந்தச் சத்தம் இருக்காது. இதெல்லாம் தெரிந்தும் அவள் எழுந்து மேலே போகவில்லை. நெஞ்சு முழுக்கப் பயம்தான். ஆனாலும் உடம்பு கட்டிலை விட்டு அசையவில்லை.

விடிந்ததும் தணிகாசலம் அவளுக்கு முன்பே மாடிப்படியில் நின்றிருந்தான். இருவரும் சேர்ந்து ஏறினார்கள். ஜனங்கள் விரிப்புகளைவிட்டு எழுந்துகொண்டிருந்தார்கள். பலகை மெல்லக் கண் திறந்தது.

முப்பத்து நான்கு.

தணிகாசலம் இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். "அக்கா," என்றான். ரேணுகா திரும்பி மாடி முழுக்கப் பார்த்தாள். கொசுவலைகள் மடிந்துகொண்டிருந்தன. எது ராத்திரி முழுக்கக் காலியாக இருந்தது, எதிலிருந்து இப்போதுதான் ஆள் எழுந்து போனார் என்று சொல்ல வழியே இல்லை. யாரும் அவள் கண்ணைச் சந்திக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கம்பெனி லாரி வந்தது. அதுவரை எல்லாரும் வழக்கம்போல் மேலேதான் படுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. நிவேதிதா வரவில்லை. நான்கு ஆட்கள் விரிப்புகளைச் சுருட்டித் தோளில் போட்டு இறக்கினார்கள். சி பிளாக்கே கீழே நின்று வேடிக்கை பார்த்தது. லலிதா வெளிப்படையாகவே அழுதாள். ரேணுகா லாரி பக்கம் வந்தபோது இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

துளசிராமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"இப்ப திருப்திதானா? அக்காளும் தம்பியும் சேந்து நாப்பது வீட்டு வயித்துல அடிச்சிட்டீங்க. கத்திரி இன்னும் முடியல. உள்ள படுக்கறது இன்னான்னு மறந்துபோச்சா எல்லாருக்கும்? செவுரா அது, அடுப்பு. மூணு மணிக்கு எழுந்து தலையில தண்ணி ஊத்திக்கிட்டு, ஈரத் துண்டோட வெறுந்தரையில படுத்தேன்..."

நின்றுவிட்டார். அரை நொடிதான். அவர் கண் ரேணுகாவின் கண்ணில் வந்து முட்டியது.

"படுத்தேன்னு வெச்சுக்கோ," என்று முன்னைவிட உரக்கத் தொடர்ந்தார். "இந்த வயசுல என் உடம்பு இன்னாத்துக்கு ஆவும்? யாராவது யோசிச்சீங்களா?"

சுற்றி நின்றவர்கள் அவருக்காகத் தலையாட்டினார்கள். யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் சட்டைக் காலருக்கு மேலே, கழுத்தெல்லாம் புது வேர்க்குரு சிவந்து கிடந்தது.

ரேணுகா கைகட்டி நின்று அவர் திட்டுவதை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். பிறகு வேறு பக்கம் பார்த்தபடி, கோபம் மாறாத குரலில் கேட்டார். "பாய் எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு சார். மெஷின் ஓடுது."

"மனுவுல அவர் கையெழுத்து வாங்கி வை. சாயங்காலம் வரேன்," என்றுவிட்டு லாரிக்காரனிடம் எதற்கோ சண்டை போடப் போனார்.

தம்பியிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். வேண்டாம் என்று தோன்றியது. அவர் மறைக்க விரும்பியதை மறைத்துவைக்க அவளால் முடியும். படியேறும்போதுதான் மனசு தானாகக் கழித்துப் பார்த்தது. முப்பத்தெட்டிலிருந்து முப்பத்து நான்கு போனால் நான்கு. தம்பி ஒன்று. தான் ஒன்று. துளசிராமன் ஒன்று. நாலாவது?

முதல் மாடியில் நின்றாள். கதவுகள் எல்லாம் திறந்திருந்தன, வெயிலுக்குத் திரைகள் தொங்கின. ஒரு வீட்டில் யாரோ மிக்ஸியைப் போட்டார்கள். லலிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைத் தாண்டி ஏறிப் போனாள். ரேணுகா அவள் கழுத்தைப் பார்த்தாள். பிறகு எதிரே இறங்கி வந்தவரின் கழுத்தை. ஆறு வருடமாகத் தூங்காதவளுக்கு இனியும் தூக்கம் இல்லை என்பது நிச்சயமாகிவிட்டிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு கதவையும், உள்ளே இருப்பவர் மேல் ஒரு புதுச் சந்தேகத்தோடு பார்த்தபடி, அவள் அவசரமில்லாமல் மேலே ஏறினாள்.